ஆஸ்போர்ன் தர்பார் அறை: மகாராணியை விட்டு தச்சரைப் பார்ப்போம்

இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டிய ஒயிட் தீவில் இருக்கிறது ஆஸ்போர்ன் மாளிகை. அங்கே போய்விட்டு வரும் நம்மவர்கள் அந்த தர்பார் அறையைப் பற்றி இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். "விக்டோரியாவுக்கு இந்தியா மேல எவ்வளவு பிரியம் பாருங்க" என்பது ஒன்று. "எல்லாம் நம்மகிட்ட அடிச்ச காசு" என்பது இன்னொன்று. இரண்டிலுமே கதாநாயகி மகாராணிதான். அறையைச் செய்தவர் எங்கே?

முதலில் பின்னணி. விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் 1845-இல் வாங்கிய இடம் இது. தாமஸ் கியூபிட்டைக் கொண்டு இத்தாலிய பாணியில் 1851-க்குள் கட்டி முடித்தார்கள். 1877-இல் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட விக்டோரியா கடைசிவரை இந்தியாவுக்கு வரவில்லை. 1890-91-இல் மாளிகையோடு ஒரு புதிய பகுதியைச் சேர்த்தார். அதன் தரைத்தளத்தில் இருக்கும் விருந்துக்கூடம்தான் தர்பார் அறை.

அதை வடிவமைத்தவர் பாய் ராம் சிங். பஞ்சாபில் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். லாகூர் மேயோ கலைப்பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர். பள்ளியின் முதல்வர் லாக்வுட் கிப்ளிங், அதாவது எழுத்தாளர் கிப்ளிங்கின் அப்பா, மேற்பார்வை செய்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இதற்கு முன் இதே இருவர் பேக்ஷாட் பார்க் மாளிகைக்குச் செய்த பில்லியர்ட்ஸ் அறையின் மரப்பலகைகள் பஞ்சாபிலேயே செதுக்கப்பட்டு கப்பலில் போனவை. ஆஸ்போர்னில் கதை வேறு. ராம் சிங் மரத்தில் மூல வடிவங்களைச் செதுக்கினார். அதிலிருந்து அச்சு எடுத்து, ஒரு லண்டன் நிறுவனம் பிளாஸ்டரில் வார்த்தது. எங்க தொழில் பாஷையில் சொன்னால், ஒரு தடவை எழுதி நூறு இடத்தில் கூப்பிடுகிற ஃபங்ஷன் மாதிரி.

அதனால் இதை "இந்திய அறை" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆழமான கட்டங்களாகப் பிரித்த உட்கூரை ஐரோப்பிய அமைப்பு. அதற்குள் நிரம்பியிருப்பவை நம் ஊர்க் கொடிகளும் பூக்களும். கணப்படுப்பு ஆங்கிலேயருடையது, அதன்மேல் தோகை விரித்து நிற்கிறது மயில். கொடுத்த சட்டகத்துக்குள் தன் கைவேலையைப் பொருத்திக் காட்டிய ஒரு வடிவமைப்பாளரின் தீர்வு இது.

குறையும் உண்டு. கண் இளைப்பாற ஒரு வெற்றிடம் கிடையாது. இங்கே தூணிலும் வாசலிலும் தனித்தனி இடம் உள்ள அலங்காரங்கள் அங்கே ஒரே வெள்ளைப் பரப்பில் வரிசை கட்டி நிற்கின்றன. திறமைக்குப் பஞ்சமில்லை, இடத்தோடு உறவுதான் இல்லை. அதற்கு ராம் சிங்கைக் குறை சொல்ல முடியாது. கேட்டவர்கள் கேட்டதே அதைத்தான்.

தர்பார் அறையை ஒட்டிய நடைக்கூடத்துக்கு ருடால்ஃப் ஸ்வோபோடா வரைந்த இந்தியர்களின் ஓவியங்கள் இருக்கின்றன. 1886 லண்டன் கண்காட்சிக்கு ஆக்ரா சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைவினைஞர்களும் அவர்களில் உண்டு. குயவர் பக்ஷிராம் அவர்களில் ஒருவர். அவர்கள் அங்கே பார்க்கப்பட வேண்டிய முகங்கள், அவ்வளவுதான். ராம் சிங்கையும் ஸ்வோபோடா வரைந்தார். அவர் கையில் மட்டும் வரைபடம் இருக்கிறது.

அவருடைய முழு அளவு தெரிய வேண்டுமானால் லாகூர் அருங்காட்சியகத்தையும் அமிர்தசரஸ் கால்சா கல்லூரியையும் பார்க்கணும். அங்கே அவர் கூரையை அலங்கரிக்கவில்லை, கட்டடத்தையே எழுப்பினார். ஆஸ்போர்ன் போகிறவர்கள் அந்தக் கட்டடங்களின் படங்களை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். பாசமா, கொள்ளையா என்ற பட்டிமன்றம் தானாகவே இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.