ஒரு பாடலின் இரு ஆற்றுகைகள்: ‘கிறேற்ஃபுல் டெட்’ ஒலிப்பதிவுகள் பற்றிய ஒரு நோக்கு

றொக் இசையை வணிகக் கூச்சல் என ஒரே வரியில் ஒதுக்கிவிடும் போக்குக் கற்றோரிடையே உண்டு. அவ்வாறு ஒதுக்கத்தக்கவை அவ்விசையில் ஏராளம் என்பதும் உண்மையே. ஆயின், 1965இல் கலிபோர்ணியாவில் தோன்றி, கிற்றார்க் கலைஞர் ஜெறி கார்சியா 1995இல் மறையும்வரை இயங்கிய ‘கிறேற்ஃபுல் டெட்’ குழுவினை அவ்வளவுகோல் அளக்காது. கலையகத் தட்டுக்களில் அன்றி, மேடை ஆற்றுகைகளின் ஒலிப்பதிவுகளிலேயே அதன் சாதனை தங்கியுள்ளது.

‘டார்க் ஸ்டார்’ என்னும் பாடலை நோக்குக. 1968இல் தனித்தட்டாக வெளிவந்தபோது அது மூன்று நிமிடங்களையும் எட்டவில்லை. 1969 பெப்ரவரி 27இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதுவே ஏறத்தாழ 23 நிமிடங்களாக விரிந்து, அவ்வாண்டிலேயே ‘லைவ்/டெட்’ இசைத்தட்டில் இடம்பெற்றது. 1972 ஓகஸ்ட் 27இல் ஒறெகன் மாநிலத்து வெனீற்றாவில், கடும் வெயிலில், பால்பண்ணை ஒன்றுக்கு நிதி திரட்டிய திறந்தவெளி நிகழ்ச்சியிலோ அது முப்பது நிமிடங்களைக் கடந்தது. இப்பதிவு முறையாக வெளியிடப்பட்டது 2013இலேயே.

முன்னையதில் இரு தாளக் கலைஞர்கள் உளர். ஓர்கன் பின்புலமாய் மிதக்கிறது. ஃபில் லெஷ்ஷின் பேஸ் கிற்றார் துணைநிற்பதோடு அமையாது, கார்சியாவுடன் சரிநிகராய் உரையாடுகிறது. இசை எத்துணை கலைந்தாலும் மூல மெட்டு உரிய கணத்தில் மீள்கிறது. குறை கூற இயலாத அமைதி. ஆனால் போகுமிடம் முன்னரே தெரிந்த பயணத்தின் அமைதி அது.

பின்னையதில் மிக்கி ஹார்ட் இல்லை. அவர் 1971இல் விலகியிருந்தார். எஞ்சிய ஒற்றை மேளம் சட்டெனத் திரும்ப வல்லது. கீத் கொட்ஷோவின் பியானோ இசைக்கு வேறொரு கூர்மையைத் தருகிறது. மெட்டு உடைந்து வெறும் ஓசையாகிறது. எவரும் அதனை மீட்க விரைவதில்லை. சுருதி பிசகும் இடங்களும் உண்டு. எனினும் மனோதர்மம் என்பது தெரியாததை நோக்கிச் செல்லும் துணிவாயின், இதுவே உயர்ந்த ஆற்றுகை.

அவ்வாறாயின் முன்னையதே இலக்கணமாகக் கொள்ளப்பட்டது ஏன்? அது விற்பனைக்குக் கிடைத்தது. பின்னையது நாற்பதாண்டுகள் கைக்குக் கை மாறிய நாடாக்களில் உலவியது. இரசிகர் பதிவுசெய்வதைத் தடுக்காத இக்குழு, 1984இல் அவர்களுக்கெனத் தனியிடமே ஒதுக்கிற்று. பணமின்றி நாடாக்களைப் பரிமாறுவது அவர்களிடையே வழக்காயிற்று. சந்தைக்குப் புறம்பான இவ்வலையமைப்பும் தன் தெரிவில் நடுநிலையானதன்று. 1977 மே 8இன் கோர்ணெல் நிகழ்ச்சி பெற்ற பெரும்புகழில் பெற்றி கன்ரர்-ஜாக்சனின் துல்லியமான ஒலிப்பதிவுக்குப் பெரும்பங்குண்டு. செவிக்கு இதமானது சிறந்ததாகிவிடுகிறது. ‘யூரோப் 72’ தட்டிலோ குரல்கள் பின்னர் கலையகத்தில் மீளப் பாடப்பட்டவை.

ஆகவே இவற்றைப் பாடபேதங்களாகக் கொண்டு மூலபாடம் தேடுவது வீண்வேலை. 1968இன் சிறு தட்டை மூலம் என எவரும் வாதிடார். வெனீற்றாவில் அவ்வோசைப் பிரளயம் அடங்கியதும் குழு ‘எல் பாசோ’ என்னும் எளிய மாட்டிடையர் கதைப்பாடலுக்குள் நுழைகிறது. இதனை இரசனைக் குறைவு என்போர் உளர். ஒலிநாடாவை அவ்விடத்தில் நிறுத்தாமல் தொடர்ந்து கேட்டால், அரைமணி நேர அலைவு முழுதும் அப்பாடலின் அடியில் இன்னும் அதிர்ந்துகொண்டிருப்பது புலப்படும்.