வலது இருக்கையின் மௌனம்

சில வருடங்களுக்கு முன் ஹனேடாவிலிருந்து சப்போரோவுக்கு ஓர் உள்நாட்டு விமானத்தில் போய்க்கொண்டிருந்தேன். உயரம் எட்டியதும் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். ஆங்கிலம், வட அமெரிக்க உச்சரிப்பு, வயதான குரல். அவர் முடித்ததும் பணிப்பெண் அதையே ஜப்பானிய மொழியில் சொன்னார். விமானத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஜப்பானியர்கள். யாரும் தலை நிமிரவில்லை. எனக்கு மட்டும் ஏனோ அந்தக் குரலோடு ஓர் ஒட்டுதல் வந்தது. அப்போது நானும் கவாசாகியில், ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் வழியாக, இன்னொருவருடைய அலுவலகத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்.

அந்த வாரமே 'ஹாப்பி ஃபிளைட்' படத்தை மறுபடி பார்த்தேன். யாகுச்சி ஷினோபு இயக்கி 2008 இல் வந்த படம். ஆல் நிப்பான் ஏர்வேஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டது. ஹொனலுலுவுக்குப் போகும் ஒரு 747, அதில் கேப்டன் பதவிக்கான தேர்வில் இருக்கும் துணை விமானி, அவரைச் சோதிக்க வரும் கண்டிப்பான கேப்டன், முதல் சர்வதேசப் பயணத்தில் தடுமாறும் பணிப்பெண். வழியில் வேகத்தைக் காட்டும் கருவி பழுதாகி, சூறாவளிக்குள் ஹனேடாவுக்கே திரும்ப வேண்டியதாகிறது. படத்தின் பெரிய பலம், ஒரு விமானத்தை மேலே நிறுத்திவைக்க எத்தனை பேர் தேவை என்பதைக் காட்டியது. ஹேங்கரில் தொலைந்த ஒரு கருவியைத் தேடும் மெக்கானிக்குகள், ஓடுபாதையில் பறவை விரட்டுபவர், கணினிகள் விழுந்ததும் காகித வரைபடத்தை விரிக்கும் கிழ அதிகாரி என்று எல்லோருக்கும் படத்தில் இடம் இருக்கிறது. தொழில்நுட்ப வேலையை இவ்வளவு பிரியத்தோடு காட்டிய படங்கள் குறைவு. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு பண்டிகை.

ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. அத்தனை பேரில் நான் சப்போரோ விமானத்தில் கேட்ட குரலுக்கு உரியவர் இல்லை. ஜப்பானிய விமானங்களை வெளிநாட்டு விமானிகள் ஓட்டுவது பல பத்தாண்டுகளாக நடக்கும் சாதாரண விஷயம். படத்தின் காக்பிட்டோ ஒரு குடும்ப வீடு மாதிரி இருக்கிறது. கண்டிப்பான அப்பா, பயந்த பிள்ளை, கடைசியில் பிள்ளை தேறிவிடுகிறான். வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இந்த வாடகைக்காரருக்கு வரலாறு உண்டு. போருக்குப் பின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஜப்பானியர்கள் விமானம் இயக்குவதையே தடை செய்தது. 1951 அக்டோபர் 25 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் முதல் உள்நாட்டுச் சேவையைத் தொடங்கியபோது, விமானமும் விமானிகளும் அமெரிக்க நார்த்வெஸ்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கிய வாடகை. 1952 ஏப்ரல் 9 அன்று அப்படிப்பட்ட ஒரு மார்ட்டின் 2-0-2, 'மொகுசெய்' என்று பெயரிடப்பட்டது, இசு ஓஷிமா தீவின் மிஹாரா மலையில் மோதி 37 பேரும் இறந்தார்கள். விமானிகள் அமெரிக்கர்கள். வான்வழிக் கட்டுப்பாடும் அமெரிக்க இராணுவத்தின் கையில் இருந்தது. ஆக்கிரமிப்பு முடிய இன்னும் 19 நாட்கள்தான் இருந்தன.

துப்பறியும் எழுத்தாளர் மட்சுமோட்டோ செய்ச்சோ 1960 இல் எழுதிய 'ஜப்பானின் கருப்பு மூடுபனி' கட்டுரை வரிசையில் இந்த விபத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அவருடைய சந்தேகம் ஆக்கிரமிப்பு இராணுவத்தின் மீது. ஒரு நாட்டின் வானத்தை யார் வைத்திருந்தார்கள் என்ற கேள்வியாக அவர் அந்த விபத்தைப் படித்தார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பார்வையில் விமானி ஒரு வல்லரசின் பிரதிநிதியாக மட்டுமே மிஞ்சுகிறார். காலை ஏழரை மணிக்குப் பிறகு மோசமான வானிலையில் மேலேறிய ஒரு தொழிலாளியாக அவரைப் பார்க்க அங்கே இடமில்லை. ஒரு பக்கம் இல்லாமை, இன்னொரு பக்கம் சந்தேகம்.

அந்தத் தொழிலாளியை நான் ஒரே ஒருமுறை நேரில் சந்தித்திருக்கிறேன். ஹனேடாவுக்கு அருகே கமாட்டாவில் ஒரு யாகிடோரி கடை. பக்கத்து ஸ்டூலில் அறுபதைத் தாண்டிய கனடாக்காரர். எல்லோரும் பீர் குடிக்க, அவர் முன்னால் ஊலாங் டீ. "நாளைக்குக் காலையில வேலை, ஊதிக் காட்டணும்" என்றார். இருபது நாள் ஜப்பானில் வேலை, பத்து நாள் ஊரில் வீடு. சொந்த நாட்டு உரிமம் இங்கே செல்லாது. ஜப்பானிய உரிமமாக மாற்றத் தேர்வுகள், பிறகு ஜப்பானிய விதிப்படி மருத்துவப் பரிசோதனை, அதன்பின் தொடர்ந்து வரும் சிமுலேட்டர் சோதனைகள். "லேண்டிங்கப் பத்தி பயமில்ல. மெடிக்கல் நாள் கிட்ட வந்தாத்தான் தூக்கம் வராது" என்றார். பிறகு அவர் சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "நான் கேப்டன். வலது பக்கம் உக்கார்றவர் ஜப்பான்காரர், நிரந்தர வேலை. வீடு அவருது, நான் வாடகைக்கு இருக்கேன். எங்கிட்ட ஏதாவது சொல்ல அவர் தயங்கறாரா, அவர்கிட்டக் கேக்க நான் தயங்கறேனா, சில நாள் தெரியவே தெரியாது."

இந்தத் தயக்கத்தைப் பற்றி உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதுவும் 2008 இல்தான் வந்தது. மால்கம் கிளாட்வெல்லின் 'அவுட்லையர்ஸ்' நூலில் 'விமான விபத்துகளின் இனக் கோட்பாடு'. 1997 இல் குவாமில் 228 பேரைக் கொன்ற கொரியன் ஏர் விபத்தை வைத்து அவர் சொல்வது இது: கொரிய மொழியின் மரியாதை அடுக்குகள் துணை விமானியின் வாயைக் கட்டின, வெளியிலிருந்து ஓர் அமெரிக்கர் வந்து காக்பிட்டை ஆங்கிலத்துக்கு மாற்றினார், நிறுவனம் தேறியது. கொரியாவைப் பற்றி எழுதியதை வாசகர்கள் ஜப்பானுக்கும், நம் ஊருக்கும், கிழக்கு முழுமைக்கும் நீட்டிக்கொண்டார்கள். நீ, நீங்க, சார் என்று பேசிப் பழகிய நமக்கு அது உடனே பொருந்திவிடுகிறது.

எனக்கும் பொருந்தியது. ஊருக்குத் திரும்பியபின் சென்னையில் ஒரு மென்பொருள் கூட்டத்தில், ஜப்பான் அனுபவத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். பேச்சின் முதுகெலும்பே அந்த அத்தியாயம்தான். நல்ல கைதட்டல்.

பிறகுதான் ஓர் அறிக்கையைப் படித்தேன். 1977 ஜனவரி 13, அலாஸ்காவின் ஆங்கரேஜ். உயிருள்ள மாடுகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 சரக்கு விமானம் மேலெழுந்த உடனே விழுந்தது. மூன்று விமான ஊழியர்களும் மாடுகளைப் பார்த்துக்கொள்ள வந்த இருவரும் இறந்தார்கள். கேப்டன் அமெரிக்கர், துணை விமானியும் பொறியாளரும் ஜப்பானியர்கள். கேப்டனின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 298 மில்லிகிராம் ஆல்கஹால், அதாவது கார் ஓட்ட அங்கே அப்போதிருந்த வரம்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவரைத் தடுக்காத மற்ற இருவரின் செயலின்மையையும் காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

இதைக் கிளாட்வெல் கோட்பாட்டில் எங்கே வைப்பது? வெளிநாட்டவர் இங்கே மருந்து இல்லை, அடுக்கின் உச்சியில் அவர்தான் இருக்கிறார். சரி, ஜப்பானியர்கள் வாய் திறக்கவில்லை, கோட்பாடு நிற்கிறது என்று சொல்லலாம். ஆனால் அதே வருடம் மார்ச்சில் டெனெரிஃபே. கேஎல்எம் 747 இன் பொறியாளர் ஓடுபாதை காலியா என்று கேட்டார், கேப்டன் உறுதியாக ஆமாம் என்றுவிட்டார், 583 பேர் இறந்தார்கள். மரியாதை அடுக்குகளுக்குப் பெயர் போனவர்கள் இல்லை டச்சுக்காரர்கள். அடுத்த வருடம் டிசம்பரில் போர்ட்லாண்டில் ஒரு யுனைடெட் டிசி-8 எரிபொருள் தீர்ந்து விழுந்தது. கேப்டன் சக்கரக் கோளாறிலேயே மூழ்கியிருக்க, மற்ற இருவரும் எரிபொருள் குறைவதை அழுத்திச் சொல்லவில்லை. மூவரும் ஒரே நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள். காக்பிட்டில் எல்லோரும் பேசப் பயிற்சி தரும் திட்டங்கள் இந்த விபத்துகளிலிருந்துதான் பிறந்தன, குவாமுக்குப் பல வருடம் முன்பே.

கிளாட்வெல்லுக்கு நியாயம் செய்ய வேண்டும். 1982 வாஷிங்டன் விபத்தில் ஓர் அமெரிக்கத் துணை விமானி பூசி மெழுகிப் பேசியதை அவரே விரிவாகக் காட்டுகிறார். கேப்டன் கையில் விமானம் இருக்கும்போதுதான் விபத்துகள் அதிகம் நடந்திருக்கின்றன என்ற தகவலையும் அவரே தருகிறார். அனுபவம் குறைந்தவர் ஓட்டும்போது பக்கத்திலிருப்பவருக்குக் குறுக்கிடப் பயமில்லை. அதாவது மௌனம் இருக்கையிலிருந்து வருகிறது. இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர், அத்தியாயத்தின் தலைப்பையும் முடிவையும் இனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். கலாச்சாரம் இருக்கையின் பாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாய் திறந்தால் யாருக்கு என்ன போகும்?

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. கவாசாகியில் ஒரு ரிலீஸ் இரவு. வாடிக்கையாளர் முகவரிகளைப் புதிய அட்டவணைக்கு மாற்றும் ஸ்கிரிப்ட். பழைய பதிவுகள் சிலவற்றை அது தவறாகக் கையாளும் என்பதை மாலையிலேயே பார்த்துவிட்டேன். எழுதியவர் டீம் லீட். என் ஒப்பந்தம் புதுப்பிக்க மூன்று வாரம் இருந்தது. சொல்லவில்லை. மறுநாள் பொருட்கள் பழைய முகவரிகளுக்குப் போயின. ஸ்கிரிப்டை ஓட்டிய பையனுக்கு இருபத்திநாலு வயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். மன்னிப்பு அறிக்கை அவன்தான் எழுதினான். அறை நடுவே குனிந்து நின்றான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

சென்னைப் பேச்சில் இந்தச் சம்பவத்தையும் சொன்னேன். 'ஜப்பானில் மூத்தவர் எழுதியதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்' என்பதற்கு உதாரணமாக. கவனித்தும் சொல்லாமல் இருந்தவன் ஜப்பான்காரன் இல்லை, நான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கிளாட்வெல்லின் அத்தியாயம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் அதுவே. என் பயத்தை அவர்களுடைய கலாச்சாரத்தின் கணக்கில் எழுத அது வசதியாக இருந்தது.

ஆங்கரேஜ் அறிக்கையில் என்னை விடாமல் பிடித்தது ஒரு துணைப் பாத்திரம். அன்று காலை கேப்டனின் நிலையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு டாக்ஸி ஓட்டுநர் தன் நிறுவனத்தில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து விமான நிலையத்துக்கும் தகவல் போயிருக்கிறது. விமானம் நிற்கவில்லை.

41 வருடம் கழித்து, 2018 அக்டோபரில், லண்டன் ஹீத்ரோ. டோக்கியோவுக்குக் கிளம்பவிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தின் துணை விமானி, இம்முறை ஜப்பானியர், நிறுவனத்தின் சுவாசப் பரிசோதனையைத் தாண்டி வந்துவிட்டார். உடன் பறக்கவிருந்த இரண்டு கேப்டன்களும் அவரைத் தடுக்கவில்லை. ஊழியர்களை ஏற்றிச்சென்ற பேருந்தின் ஓட்டுநர் மது வாடையை உணர்ந்து தகவல் சொன்னார். போலீஸ் வந்தது, அவரை இறக்கினார்கள், விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக இரண்டு கேப்டன்களோடு கிளம்பியது. அடுத்த வருடம் ஜப்பானில் பறப்பதற்கு முன் சுவாசப் பரிசோதனை சட்டப்படி கட்டாயமானது. கமாட்டாக்காரரின் ஊலாங் டீ அங்கிருந்து வந்ததுதான்.

இரண்டு முறையும் பேசியவர் ஓர் ஓட்டுநர். காக்பிட் அடுக்கில் அவருக்கு இருக்கையே கிடையாது, அதனால் இழக்கவும் ஒன்றும் இல்லை. 1977 இல் அவர் சொன்னது எங்கோ காற்றில் கரைந்தது. 2018 இல் கேட்க ஆள் இருந்தது. இடையில் ஜப்பானியர்களோ அமெரிக்கர்களோ புது மனிதர்களாக மாறிவிடவில்லை. சொன்னால் கேட்கப்படும் என்ற ஏற்பாடு ஓரளவு வந்திருந்தது, அவ்வளவுதான்.

'ஹாப்பி ஃபிளைட்'டை இப்போது நினைத்தால், யாகுச்சி இதற்கு மிகப் பக்கத்தில் வந்தவர் என்றே தோன்றுகிறது. பறவை விரட்டுபவருக்கும் கிழ அதிகாரிக்கும் காட்சி கொடுத்தவர் அவர். ஆனால் அந்தப் படத்தில் பேசுபவர் யாரும் வேலையை இழக்கப் போவதில்லை, எல்லோரும் வீட்டுக்காரர்கள். அதனால்தான் அந்தப் பறத்தல் அவ்வளவு மகிழ்ச்சியாக முடிகிறது. இடது இருக்கையில் ஊலாங் டீ குடிக்கும் அந்தக் கிழவரை ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்திருக்கலாம். வலது இருக்கைக்காரர் எதையோ கவனித்துவிட்டு வாய் திறக்க யோசிக்கும் அந்த நான்கைந்து வினாடிகளில் படம் வேறொன்றாகியிருக்கும்.

அந்தப் பையனுக்குப் போன மாதம் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மாலையிலேயே பார்த்துவிட்டேன், சொல்லவில்லை என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, மூன்று வரி. தானும் பார்த்ததாக எழுதியிருந்தான்.