தீவுப் படகில் முதல் இடம்

பதுளை மாவட்டத்தில் பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாத்திரை வான் நல்லூரோடு திரும்பிவிடுவதில்லை. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நிற்கிறது. அங்கிருந்து படகேறி நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டால்தான் பயணம் நிறைவு. அதே துறையில் அந்த மாவட்டத்துச் சிங்கள யாத்திரிகர்களும் நாகதீப விகாரைக்குப் படகேறுகிறார்கள். மகாவம்சம் புத்தரின் முதல் வருகையை மகியங்கனைக்கும் இரண்டாவதை நாகதீபத்துக்கும் உரியதாகச் சொல்வதால், ஊவாவுக்கும் வடகடல் தீவுக்கும் உள்ள இந்த உறவு அவர்களுக்கும் பழையது. இலங்கையர் எவரும் இந்தத் தீவுகளுக்குப் போக அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டியதில்லை. இந்தியாவில் கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குப் போக நினைக்கும் இந்தியரோ, தன் சொந்த நாட்டுக்குள்ளேயே அனுமதி பெற்றுத்தான் கப்பலேற வேண்டும். ஒரு நாடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, மற்றது பூட்டி வைத்திருக்கிறது. எது நல்லது என்று கேட்பது வழக்கம். ஆனால் தீவில் வாழ்கிறவருக்குப் படகில் இடம் இருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான விடையைக் கதவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

இலட்சத்தீவின் பூட்டுக்குக் காரணம் உண்டு. 36 தீவுகளில் பத்தில் மட்டுமே மக்கள் வாழ்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீற்றர்தான். நமது நெடுந்தீவு ஒன்றே ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தச் சிறுமை விளங்கும். 2011 குடிசன மதிப்பின்படி 64 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்கும் மேல் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். பவளப்பாறைக்கு மேல் மெல்லிய மணல், அதற்கடியில் ஒட்டியிருக்கும் கொஞ்ச நன்னீர், இதுதான் அவர்களுடைய நிலம். 1967இல் வந்த விதிகள் தீவுக்குள் நுழையவும் தங்கவும் வெளியாருக்கு அனுமதியைக் கட்டாயமாக்கின. கப்பலில் போகும் உல்லாசப் பயணிக்குச் 'சமுத்திரம்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது: எம்.வி. கவரத்தி கப்பலில் போய், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்கோய் தீவுகளில் இறங்கிப் பார்த்து, இரவில் கப்பலுக்கே திரும்பிப் படுக்க வேண்டும். விருந்தாளியின் பாரத்தைத் தீவின் கிணற்றில் இறக்காமல் கப்பலிலேயே வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பூட்டு தீவாருக்கு இடம் பிடித்துக் கொடுக்கவில்லை. 2021 இறுதியில் கவரத்தி கப்பலின் இயந்திர அறையில் தீப்பற்றியது. ஓடும் கப்பல்களின் தொகை சுருங்கியதும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கொச்சி போகவேண்டியவர்கள் டிக்கெட் இல்லாமல் நின்றார்கள், போராட்டமும் நடத்தினார்கள். வெளியாரை மறிக்கும் சட்டம் அப்போதும் அப்படியே இருந்தது. இல்லாமற் போனது கப்பல்தான்.

இலங்கைப் பக்கத்தில் கதை வேறு மாதிரி. நெடுந்தீவாருக்குக் கடல் சுற்றுலா அல்ல. கச்சேரி, பெரிய ஆஸ்பத்திரி, உயர்தரப் படிப்பு, சந்தை எல்லாமே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. இரவில் நோய் முற்றினால் கடற்படைப் படகை நம்பவேண்டியிருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவின் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்கள் இதுபோன்ற அன்றாட வேலைகளுக்காகப் பயணம் செய்தவர்கள்தான். அந்தப் பெயரை நெடுந்தீவு இன்றும் படகின் பெயராக மட்டும் சொல்வதில்லை. போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஆட்கள் வரத்தொடங்கினார்கள். மட்டக்குதிரைகள், ஒல்லாந்தர் கால புறாக்கூடு, பெருக்கமரம், பவளக்கல் மதில்கள் என்று பார்க்க ஏராளம். நயினாதீவிலோ ஆனி உற்சவமும் போயா நாட்களும் துறையை நிரப்பிவிடுகின்றன. கதவு திறந்திருப்பதால் வருகிறவர் தொகைக்கு எல்லை இல்லை. படகின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. நெருக்கடியில் பின்தங்குகிறவர் பெரும்பாலும் கூட்டமாக வந்த யாத்திரிகர் அல்ல. கையில் மருந்துச் சீட்டோடு தனியாக வந்த தீவார்.

அப்படியானால் இலங்கையும் அனுமதிப் பத்திரம் கொண்டுவரலாமே என்று கேட்கலாம். மலையகத்தவர் அதற்கு உடனே தலையாட்ட முடியாது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நமது முன்னோரில் பலரின் கடற்பயணமே மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டோடு தொடங்கிய பயணம். வந்து சேர்ந்த தோட்டமும் பூட்டிய இடம்தான். லயத்தில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவரையும், தொழிற்சங்கம் கட்ட வந்தவரையும், அத்துமீறல் சட்டத்தைக் காட்டித் துரைமார் வெளியில் நிறுத்த முடிந்தது. தொழிலாளரின் அமைதிக்காக என்றுதான் அதற்கும் காரணம் சொன்னார்கள். இலட்சத்தீவின் அனுமதியை அதோடு ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை. 2021இல் நிலம், வளர்ச்சி பற்றிய புதிய சட்ட வரைவுகளை அந்த மக்கள் எதிர்த்தபோது, தங்கள் காப்பை இழக்க அவர்கள் விரும்பவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த வரைவுகளை எழுதியவர்களும் அனுமதி கொடுக்கும் அதே நிர்வாகத்தினர்தான். சாவி உள்ளேயிருப்பவரின் கையில் இல்லாதபோது, பூட்டு அவரைக் காக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இன்னொரு மறுப்பும் உண்டு: வெளியார் வந்தால்தான் வருமானம், வருமானம் இருந்தால்தான் படகு. பாதி உண்மை. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் கால் மணி நேர ஓட்டத்துக்கு இத்தனை தனியார் படகுகள் நிற்பதற்கு யாத்திரிகர்தான் காரணம். அதன் பயனைத் தீவாரும் அடைகிறார்கள். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் கோயில் கூட்டம் அப்படிப் போவதில்லை. சந்தை தானாகப் படகை அனுப்பும் என்றால் அந்தத் தீவுகள் என்றும் காத்திருக்க வேண்டியதுதான். பசறையிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதைகளில் பஸ் ஓடுவதும் ஓடாததும் இலாபக் கணக்கால் மட்டும் தீர்மானிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே இலங்கை பின்பற்றத் தக்கது இந்தியாவின் பூட்டு அல்ல, விருந்தாளியையும் தீவாரையும் வெவ்வேறு கணக்கில் வைக்கும் அந்த எண்ணம். காலையில் தீவிலிருந்து வரும் முதல் படகிலும் பின்னேரம் தீவுக்குத் திரும்பும் கடைசிப் படகிலும் பாதி இடத்தைப் பிரதேச செயலகம் தீவாருக்கென்றே ஒதுக்கலாம். அதைத் துறையில் வரிசையில் நிற்கும் எல்லோரும் வாசிக்கும்படி மூன்று மொழியிலும் எழுதி வைக்கலாம். உற்சவ நாட்களில் யாத்திரிகருக்குத் தனிப் படகுகள் விடலாம். ஊவாவிலிருந்து வரும் வான்கள் இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் துறைக்கு வந்து சேர்பவை. கும்பிட்டுத் திரும்பும்போது அடுத்த படகுக்கு அரை மணி நேரம் காத்திருப்பதால் அம்மன் தரிசனம் குறைந்துவிடாது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கின் இலக்கம் மட்டும் அந்த அரை மணிக்குள் முடிந்துவிடும்.