ஐயம் அளிக்கும் தீர்ப்பு: ஷெட்லாந்துத் தீவின் ஒரு கொலைக்கதை

துப்பறியும் நாவல்களை நம் கல்விக்கூடங்கள் இலக்கியமாக மதிப்பதில்லை. பயணத்தில் பொழுது கழிய உதவுபவை என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். நாமும் அந்த எண்ணத்துடனேயே ஆன் கிளீவ்ஸ் எழுதிய 'ரேவன் பிளாக்' நாவலைக் கையில் எடுத்தோம். படித்து முடித்தபோது, கொலையாளி யார் என்ற புதிரைவிட, சான்று ஏதுமின்றி ஓர் ஊர் ஒரு முதியவருக்கு அளித்த தீர்ப்பே நம் நெஞ்சில் தங்கியிருந்தது.

2006ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாவல், பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் அப்போது வழங்கிவந்த டங்கன் லாரி டாகர் பரிசை அவ்வாண்டே பெற்றது. கதை நிகழும் ஷெட்லாந்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டமாகும். ஏறத்தாழ நூறு தீவுகளுள் 16இல் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். மொத்தத் தொகை சுமார் 23,000. அபர்தீன் துறைமுகத்திலிருந்து கப்பலில் சென்றால் ஓரிரவுப் பயணம். ஆசிரியர் 1970களில் இத்தீவுகளுள் ஒன்றான ஃபேர் ஐலில், பறவை ஆய்வு நிலையத்தில் சமையல் பணி செய்தவர். ஆகவே அவர் எழுதும் பனியும் காற்றும் சுற்றுலாப் பயணியின் கண்ணுக்குப் பட்டவை அல்ல.

ரேவன்ஸ்விக் என்னும் சிற்றூரின் மேட்டில் மாக்னஸ் டைட் என்ற முதியவர் தனியே வாழ்கிறார். துணைக்குக் கூண்டில் ஓர் அண்டங்காக்கை. புத்தாண்டு பிறந்த இரவில் இரு மாணவியர் அவர் கதவைத் தட்டுகின்றனர். சில நாள்களில், அவர்களுள் ஒருத்தியான காதரின் பனியில் பிணமாகக் கிடக்கிறாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் கத்ரியோனா என்ற சிறுமி காணாமற் போயிருந்தாள். அப்போதும் ஊர் மாக்னஸையே சுட்டிக்காட்டியது, குற்றம் நிறுவப்படவில்லை. இம்முறை ஊருக்கு விசாரணையே தேவைப்படவில்லை.

தீவில் நிகழும் கொலை என்றதும் அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய, பத்துப் பேர் ஒரு தீவில் சிக்கிக்கொள்ளும் புகழ்பெற்ற நாவல் நினைவுக்கு வரும். அங்கே தீவு என்பது பூட்டிய அறை மட்டுமே; அதற்கென ஒரு சமூகம் இல்லை. கிளீவ்ஸின் தீவிலோ பள்ளி உண்டு, பழைய பகை உண்டு, 'அப் ஹெல்லி ஆ' என்னும் தீப்பந்தத் திருவிழா உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிவர். அந்த அறிமுகமே ஐயத்துக்கு விளைநிலமாகிறது.

ஆசிரியரின் திறமை வெளிப்படும் இடம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கதை நான்கு பேரின் பார்வையில் மாறி மாறிச் செல்கிறது. அவர்களுள் மாக்னஸும் ஒருவர். அவர் மனத்துக்குள்ளேயே நம்மை அமர்த்திவிட்டு, அவர் எதையோ நினைக்க மறுக்கிறார் என்பதையும் ஆசிரியர் உணர்த்துகிறார். விளைவாக, ஊராரின் அவசரத்தைக் கண்டிக்கும் நாமே சில பக்கங்களில் ஊராருடன் சேர்ந்துகொள்கிறோம். துப்பறிவாளர் ஜிம்மி பெரஸ் அவ்வாறு சேர்வதில்லை. ஃபேர் ஐலில் பிறந்தும் ஸ்பானியப் பெயர் தாங்கியவர் அவர். உள்ளூர்க்காரராக இருந்தும் வேற்றாளாகப் பார்க்கப்படுவதன் பொருள் அவருக்குத் தெரியும். எனவே அவர் கேட்கிறார், காத்திருக்கிறார்.

அரபி இலக்கியம் பயில்வோருக்கு இங்கே 'ஆயிரத்தொரு இரவுக'ளின் மூன்று ஆப்பிள்கள் கதை நினைவுக்கு வரலாம். தஜ்லா நதியில் கிடைத்த பெட்டிக்குள் ஒரு பெண்ணின் சடலம். கொலையாளியை மூன்று நாள்களில் கண்டுபிடிக்குமாறு கலீஃபா ஹாரூன் ரஷீத் அமைச்சர் ஜஃபருக்கு ஆணையிடுகிறார். ஜஃபர் எதையும் துப்பறிவதில்லை. இறுதியில் கொலையாளியே முன்வந்து ஒப்புக்கொள்கிறான். கொன்றவன் அவள் கணவன். அடிமை ஒருவன் கையிலிருந்த ஆப்பிளும் அவன் சொன்ன பொய்யுமே காரணம். அங்கே ஐயம் கொலை செய்தது. ஷெட்லாந்தில் அது ஒரு மனிதரை உயிருடன் வைத்தே ஊரிலிருந்து நீக்குகிறது. முன்னதற்குக் கதைக்குள் வழக்கு உண்டு. பின்னதை எந்த நீதிமன்றமும் விசாரிப்பதில்லை.

நாவலின் குறையும் இங்கேதான் உள்ளது என்று நாம் கருதுகிறோம். முடிவை வெளிப்படுத்துவது முறையன்று. மாக்னஸின் குடிசையும் உண்மையை முற்றும் அறியாத இடமன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம். ஆயினும் குற்றவாளி அடையாளம் காணப்பட்டதும் கதை முடிந்துவிடுகிறது. பழி ஒருவர் மேல் இறங்க, ஊர் தன் கணக்கைத் தீர்க்காமலேயே வீடு திரும்புகிறது. எட்டாண்டுக் காலம் ஒரு முதியவரின் கதவை யாரும் தட்டாதிருந்ததற்குப் பொறுப்பாளி யார்? துப்பறியும் நாவலின் வடிவம் இக்கேள்விக்கு இடம் தருவதில்லை. கிளீவ்ஸ் அதை எழுப்புகிறார். ஆனால் இறுதிவரை எடுத்துச் செல்லவில்லை.

எனினும் படிக்க வேண்டிய நூலே. படிப்போர், மாக்னஸைத் தாம் எந்தப் பக்கத்தில் ஐயுறத் தொடங்கினோம், அப்போது தம்மிடம் என்ன சான்று இருந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது நலம். நாம் குறித்து வைத்தோம். சான்று என்று எழுத ஒன்றும் இருக்கவில்லை.