தட்டை, தோற்றம், அச்சளவு: வடிவமைப்பு வரைபடத் திறனாய்வில் சொல்லும் பொருளும்

1. முன்னுரை

கட்டடம், எந்திரம் முதலியவற்றின் வடிவமைப்பு வரைபடங்களைப் பற்றிய பிறமொழி நூல்களைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு இரண்டு சொற்கள் எளிதில் கைக்கு வருகின்றன. இணைகோடுகள் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதாக வரையப்படும் பர்ஸ்பெக்டிவ் படத்தை 'இயலுறு தோற்றம்' என்கிறோம். அவ்வாறு குவியாத படத்தைத் 'தட்டையானது' என்று சொல்லிவிடுகிறோம். இவ்விரண்டும் வெறும் வருணனைச் சொற்கள் போலத் தோன்றினும் உண்மையில் மதிப்பீட்டுச் சொற்களே. ஒருவகைப் படத்திற்கு 'இயல்பு' என்னும் பெயரைக் கொடுத்துவிட்டால், ஏனையவை இயல்பிலிருந்து வழுவியவை ஆகிவிடுகின்றன. இம்மதிப்பீடு பொருந்துமா என்பதை இணைகோட்டு வரைபடங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. 'தட்டை' என்பதன் மூன்று பொருள்

வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது 'தட்டை' என்னும் சொல் மூன்று வேறு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, படம் அமைந்துள்ள தாளின் தன்மை. இப்பொருளில் எல்லாப் படங்களும் தட்டையே. இரண்டாவது, நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றனுள் ஒன்று விடுபட்டிருத்தல். தரைப்படமும் முகப்புப்படமும் இவ்வகையின. மூன்றாவது, தொலைவுக்கேற்ப உருவம் சிறுத்துச் செல்லாமை.

ஆக்ஸோனோமெட்ரிக் எனப்படும் அச்சளவுப் படம் மூன்றாம் பொருளில் மட்டுமே தட்டையானது. அது மூன்று அளவுகளையும் ஒருங்கே காட்டுகிறது. அதில் ஆழம் உண்டு. ஆயினும் அதனைத் தட்டை என்று குறிப்பிடும் திறனாய்வு, இரண்டாம் பொருளுக்குரிய குறையை மூன்றாம் பொருளுக்குரிய படத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. ஒரு சொல்லின் பல பொருள்களைப் பிரித்தறியாமையால் விளையும் பிழை இது, கண்ணின் பிழையன்று.

3. நிற்பவனும் நிற்காதவனும்

ஆல்பெர்ட்டி 1435-இல் எழுதிய ஓவிய நூலில், கண்ணை முனையாகக் கொண்ட பார்வைக் கூம்பகத்தின் வெட்டுமுகமே படம் என்று விளக்கினார். இக்கொள்கைப்படி படத்தின் ஒவ்வொரு கோடும் அசையாத ஒற்றைக் கண்ணின் இடத்தைச் சார்ந்தது. அச்சளவுப் படத்தில் அத்தகைய முனை இல்லை. கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன; ஆதலால் பொருளில் இணையாக உள்ளவை படத்திலும் இணையாகவே நிற்கின்றன. இதன் ஒரு வகையான சமவளவுப் படத்தில் மூன்று அச்சுகளும் தாளின்மேல் 120 பாகை இடைவெளியில் அமைகின்றன. உண்மையில் மூன்று அளவுகளும் ஏறத்தாழ 0.82 மடங்காகக் குறுகினாலும், குறுக்கம் மூன்றிற்கும் பொதுவாதலின் வரைவோர் முழு அளவையே வைத்துக்கொள்வர். அச்சுகளின் வழியே அளவுகோலை வைத்து அளக்கலாம். மூலைவிட்டங்களை அவ்வாறு அளக்க இயலாது, வட்டங்களும் நீள்வட்டங்களாகிவிடும்.

இம்முறையை 1822-இல் அச்சில் விளக்கிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபேரிஷின் தேவை, அழகைப் பற்றியதன்று. தம் விரிவுரைகளுக்காக எந்திர மாதிரிகளை உறுப்புகளைச் சேர்த்து அமைத்து, பின்னர்க் கலைத்துவிடுவது அவர் வழக்கம். அவற்றை மீண்டும் பூட்டும் உதவியாளர்க்கு வழிகாட்டும் படம் வேண்டியிருந்தது. எந்திரம் எவ்வாறு தோன்றும் என்பதைவிட, எது எதனோடு எங்கே பொருந்தும் என்பதே அங்கு வினா.

மொழியியலார்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. வருதல், தருதல் என்னும் வினைகளைத் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கும், செல்லுதல், கொடுத்தல் என்பவற்றைப் படர்க்கைக்கும் உரியனவாகத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். பேசுவோனது இடத்தை அறியாமல் இவ்வினைகளின் பொருள் நிரம்பாது. பர்ஸ்பெக்டிவ் படம் இவற்றை ஒத்தது. அச்சளவுப் படமோ, 'இக்கூடத்தின் நீளம் முப்பது அடி' என்னும் தொடரை ஒத்தது. அதனை யார் எங்கிருந்து சொன்னாலும் பொருள் மாறாது. முன்னதில் சுட்டு உண்டு, பின்னதில் இல்லை என்பதற்காகப் பின்னதைக் குறைத்தொடர் என்பாரில்லை.

4. 1923-ஆம் ஆண்டு வரைபடங்கள்

தியோ வான் டூஸ்பர்க்கும் கார்னெலிஸ் வான் ஈஸ்டெரனும் வரைந்த வீட்டுத் திட்டங்கள் 1923-இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைச் சார்ந்து வான் டூஸ்பர்க் வரைந்த 'எதிர்க்கட்டுமான'ப் படங்களில் சுவர்களும் தளங்களும் சிவப்பு, மஞ்சள், நீலம், கருமை, சாம்பல் ஆகிய வண்ணப் பலகைகளாக வெண்மையில் மிதக்கின்றன. தரை இல்லை, தொடுவானம் இல்லை. இதே வீட்டைப் பர்ஸ்பெக்டிவ் முறையில் வரைந்தால், கண்ணுக்கு அண்மையில் உள்ள சுவர் பெரிதாகித் தலைமை பெறும். ஏனையவை அதற்கு அடங்கிச் சிறுக்கும். ஒரு பக்கத்தை முகப்பாக்கி மற்றவற்றைப் பின்தள்ளும் கட்டடக்கலையை மறுத்தவர் வான் டூஸ்பர்க். ஆகவே அவர் கையாண்ட வரைமுறை, கருத்தை ஏற்றிவந்த வண்டி மட்டுமன்று. கருத்தின் ஒரு பகுதியே அது. இப்படங்களைத் தட்டை எனக் கூறும் திறனாய்வாளர் அவற்றின் வாதத்தையே தவறவிடுகிறார்.

ஆயினும், எதிர்த்தரப்பின் மிகைக்கூற்றையும் ஏற்பதற்கில்லை. பார்வைக் கூம்பகத்தின் முனை முடிவிலிக்குப் பெயர்க்கப்பட்டது என்று எல் லிசிட்ஸ்கி 1925-இல் எழுதினார். வடிவியல்படி அது சரியே. ஆனால் அதிலிருந்து பார்வையே நீங்கிவிட்டது என முடிவு செய்வது பொருந்தாது. அச்சளவுப் படத்தில் நிலைப்புள்ளி இல்லை, நோக்குத்திசை உண்டு. வான் டூஸ்பர்க் மேலிருந்து பார்க்கிறார். 1899-இல் வெளிவந்த கட்டடக்கலை வரலாற்றில் ஒகுஸ்த் ஷுவாசி பல கட்டடங்களைக் கீழிருந்து மேல்நோக்கி வரைந்து, தரைப்படத்தையும் வெட்டுமுகத்தையும் உள்வெளியையும் ஒரே படத்தில் இணைத்தார். இரண்டும் அச்சளவுப் படங்களே. எனினும் இரண்டும் சொல்லும் செய்தி வேறு. திசையைத் தெரிவு செய்தவன் ஒருவன் இருக்கிறான்.

மேலும், சிறுத்தல் என்னும் குறிப்பை இழந்ததற்கு இப்படம் ஒரு விலை கொடுக்கிறது. எது முன், எது பின் என்பதில் மயக்கம் நேர்கிறது. படிகப் படங்களில் இத்தகைய புரட்டத்தை நெக்கர் 1832-இல் எடுத்துக்காட்டினார். 'பெரிய வீட்டுக் கதவு' என்னும் தொடரில் பெரியது வீடா, கதவா என்பது போன்ற அமைப்பு மயக்கம் இது. எதிர்க்கட்டுமானங்களில் இம்மயக்கம் மிதப்பு உணர்வுக்குத் துணைசெய்கிறது. ஃபேரிஷின் உதவியாளர்க்கோ அது இடையூறாகும். ஒன்றே ஓரிடத்தில் நயமாகவும் வேறோரிடத்தில் குறையாகவும் அமைதலைப் பயன் நோக்கியே தீர்மானித்தல் வேண்டும்.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு

பர்ஸ்பெக்டிவா என்னும் லத்தீன் சொல் இடைக்காலத்தில் ஒளியியலைக் குறித்தது. பின்னரே ஒரு வரைமுறைக்கு உரியதாகச் சுருங்கியது. அச்சுருக்கம் எல்லா மொழிகளிலும் ஒரே அளவில் நிகழவில்லை. பிரெஞ்சு மொழியில் இச்சொல் இணைகோட்டுப் படங்களையும் தழுவுகிறது. ஃபேரிஷும் தம் முறைக்கு 'ஐசோமெட்ரிக்கல் பர்ஸ்பெக்டிவ்' என்றே பெயரிட்டார். இதனைச் 'சமவளவு இயலுறு தோற்றம்' எனப் பெயர்த்தால் தொடர் தன்னோடு தானே முரண்படும். 'தொலைநோக்கு' என்பதும் உதவாது. அது வருங்காலத் திட்டத்தை உணர்த்தும் சொல்லாக வேரூன்றிவிட்டது.

தமிழ்நாட்டுக் கணிதநூல்களில் 'வீழல்' என்றும் இலங்கைத் தமிழில் 'எறியம்' என்றும் ஒரு பொதுச்சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதனை இனப்பெயராகக் கொண்டு, மையவீழல், இணைவீழல் என இரண்டாக வகுத்து, இணைவீழலின்கீழ் அச்சளவு வீழலையும், அதன் வகையாகச் சமவளவு வீழலையும் வைக்கலாம். இவ்வமைப்பில் எதுவும் இயல்பு என்றோ வழு என்றோ முன்கூட்டியே முத்திரை பெறுவதில்லை. 'தட்டை' என்னும் சொல்லை அளவு ஒன்று விடுபட்ட படங்களுக்கு மட்டும் உரியதாக்குதல் நன்று.

6. முடிவுரை

பெயரிடும்போதே தீர்ப்பும் எழுதிவிட்டால், பின்னர் வரும் திறனாய்வுக்குச் செய்வதற்கு ஒன்றும் எஞ்சாது. மையவீழல் ஒருவன் கண்டதைக் கூறுகிறது; அச்சளவு வீழல் பொருள் அமைந்துள்ள முறையைக் கூறுகிறது. இரண்டும் தாளின்மேல் செய்யப்பட்ட கூற்றுகளே. எந்தக் கூற்று எந்தப் பயனுக்கு உரியது என்று வினவும் இடத்தைக் கலைச்சொல் திறந்துவைத்தல் வேண்டும்.