எத்தனை கிலோ தாங்கும் என்பது மட்டும் போதாது: வீடியோ டிரைபாட் தேர்வு

டிரைபாட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எடைக் கணக்கைத்தான். வீடியோ எடுப்பவர்கள் அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கேமரா கீழே விழாமல் நிற்பது வேறு, திருப்பும்போது படம் வெட்டாமல் நகர்வது வேறு. கல்யாண மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மணமேடையை எடுப்பவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

லென்ஸ் நீளமாக நீளமாக டிரைபாடின் குறை பெரிதாகத் தெரியும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் பார்ப்பது அகலவாக்கில் சுமார் 10 டிகிரி. 4கே படத்தின் 3,840 பிக்சல்களும் அந்த 10 டிகிரிக்குள் அடங்கிவிடுகின்றன. டிரைபாடின் கால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு முறுகினாலே படம் 37 பிக்சல் நகரும். 24 மி.மீ. லென்ஸில் அதே ஆட்டம் கண்ணில் படுவதே அரிது. அகல லென்ஸில் சோதித்துவிட்டு ‘நன்றாக நிற்கிறது’ என்று முடிவுகட்ட வேண்டாம் என்பது இதனால்தான்.

அடுத்தது எடை. சோனி எஃப்எக்ஸ்3 கேமரா பேட்டரியோடு 715 கிராம். 70-200 ஜிஎம் 2 லென்ஸ் 1,045 கிராம். மானிட்டர், மைக், பெரிய பேட்டரி சேர்ந்தால் மொத்தம் இரண்டரை கிலோவை நெருங்கும். உங்கள் செட்டை முழுதாகப் பூட்டித் தராசில் வைத்து, அந்த எடையை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எடை தெரிந்தால்தான் கேமராவைப் பூட்டும் ஃப்ளூயிட் ஹெட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. உள்ளே இருக்கும் பிசுபிசுப்பான திரவம் கை நடுக்கத்தை விழுங்கி, பேனையும் (பக்கவாட்டில் திருப்புவது) டில்ட்டையும் (மேலும் கீழும் சாய்ப்பது) சீராக்குகிறது. கவுண்டர்பேலன்ஸ் ஸ்பிரிங், கேமரா முன்னாலோ பின்னாலோ சாயும்போது அதன் கனத்துக்கு ஈடுகொடுக்கிறது. ஸ்பிரிங்கின் பலம் கேமராவுக்குக் குறைவாக இருந்தால் லென்ஸ் தானாகத் தலைகுனியும், அதிகமாக இருந்தால் தானாக மேலே எழும்பும். ‘8 கிலோ தாங்கும்’ ஹெட்டில் 2 கிலோ கேமராவை வைத்தால் பாதுகாப்பு கூடும், ஆனால் படம் நன்றாக வரும் என்று சொல்ல முடியாது.

பலரும் கைக்கொள்ளும் இரண்டு ஹெட்களைப் பார்ப்போம். இரண்டும் கால்களின் உச்சியில் உள்ள 75 மி.மீ. பவுலில் (கிண்ணத்தில்) உட்காருபவை. மான்ஃப்ரோட்டோ 502இல் பேன், டில்ட் இறுக்கத்தைத் திருகி வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். மானிட்டர் மாட்ட ஹெட்டிலேயே இடம் உண்டு, உடம்பும் உறுதியானது. ஆனால் அதன் கவுண்டர்பேலன்ஸ் 4 கிலோவுக்கென்று நிலையாக வைத்தது. இரண்டரை கிலோ செட்டை வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கையை எடுத்தால் எழும்பப் பார்க்கும். மணமக்களின் கையில் உள்ள மாலையை எடுத்துக்கொண்டே இருக்கும்போது இது பெரிய தொல்லை. சாக்ட்லர் ஏஸ் எம், 4 கிலோ வரையிலான கேமராக்களுக்கு ஐந்து படிகளில் கவுண்டர்பேலன்ஸ் தருகிறது. லென்ஸ் மாற்றும்போது படியையும் மாற்றினால் விட்ட இடத்தில் நிற்கும். பேன், டில்ட் இறுக்கத்துக்கு மூன்று மூன்று படிகள்தான், இருந்தாலும் போதுமானவை. தோளில் வைக்கும் கனமான கேமராவுக்கு இது ஆகாது.

ஹெட்டுக்குச் செலவழித்துவிட்டுக் காலில் மிச்சம் பிடிப்பது பெரிய தப்பு. நடுவே உயரும் தண்டு கொண்ட ஃபோட்டோ டிரைபாட் வீடியோவுக்கு ஏற்றதல்ல. தண்டை உயர்த்தியதுமே அது ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரிதான். ஒவ்வொரு காலிலும் இரண்டு குழாய்கள் இணையாக ஓடும் வகையைப் பாருங்கள், முறுக்கத்தைத் தாங்குவது அதுதான். பவுல் இருந்தால் காலைத் தொடாமலே கீழ்ப்பிடியைத் தளர்த்தி மட்டம் பார்த்துவிடலாம். கால்களைப் பிணைக்கும் ஸ்ப்ரெடரில், மண்டபத்தின் சமதளத்துக்குத் தரையில் விரியும் வகை நல்லது. கோயில் படிக்கட்டிலும் வயல்வரப்பிலும் வேலை செய்பவருக்கு நடுவில் விரியும் ஸ்ப்ரெடரே உதவும்.

கடையில் உங்கள் கேமராவைப் பூட்டி மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, லாக்குகளைத் தளர்த்தி முப்பது டிகிரி சாய்த்துக் கையை எடுங்கள், நிற்க வேண்டும். இரண்டாவது, நீண்ட லென்ஸில் மெதுவாகப் பேன் செய்து சட்டென நிறுத்திக் கையை விடுங்கள், படம் பின்னோக்கித் துள்ளக் கூடாது. மூன்றாவது, பேனைப் பூட்டி ஹேண்டிலை லேசாக முறுக்கிப் பாருங்கள், கால் நெளிகிறதா என்பது மானிட்டரில் தெரிந்துவிடும். கடைக்காரர் இதற்கு இடம் தராவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

என் தீர்ப்பு இது: மிரர்லெஸ் கேமராவில் மூன்று கிலோவுக்குள் வேலை செய்பவருக்கு ஏஸ் எம். செட் எப்போதும் நான்கு கிலோவை ஒட்டியே இருக்குமானால் 502. எதை எடுத்தாலும் இரட்டைக் குழாய்க் கால்களோடு எடுங்கள். கேமரா உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல டிரைபாட் அடுத்தடுத்து வரும் கேமராக்களையும் தாங்கும். புதுக் கேமராவுக்குப் பணம் ஒதுக்கும்போது இதற்கான பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.