டிக்... டிக்... பிறகு மௌனம்

மொறிஸ் மைனர் நடுவழியில் நின்றால், அது எப்படி நின்றது என்பதிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. விக்கி, இழுத்து, குலுங்கி, கொஞ்சத் தூரம் உருண்டு நின்றால் பெற்றோல். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது வெட்டி விட்டாற்போல் நின்றால் கரண்ட். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வீதியில், யானை வருமோ என்று ஒரு கண்ணைப் பற்றைக்குள் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அந்தப் பள்ளிக்கூடந்தான்.

கரண்ட் பக்கத்துக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். சூட்டில் நின்று, அரை மணித்தியாலம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதா? கண்டென்சரைப் பாருங்கள், அடுத்தது கொயில். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பொயின்ட்டைப் பிரிக்கும்போது பெரிய வெள்ளைப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. பொயின்ட் இடைவெளி ஆயிரத்தில் பதினைந்து அங்குலம். அவ்வளவுதான். எனக்குப் பேச வேண்டியது பெற்றோல் பக்கத்தைப் பற்றி. அதிலும் ஒரேயொரு சாமானைப் பற்றி.

பெற்றோல்தான் என்று தெரிந்தபின் திறப்பை ஒருமுறை திருப்பிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கக் கூடாது. பொனற்றுக்குள், டாஷ்போர்ட்டுக்குப் பின்புறத் தகட்டில் உட்கார்ந்திருக்கும் எஸ்.யு. பம்ப் பதில் சொல்லும். அவசரமாகச் சில அடி அடித்து, வேகம் தளர்ந்து ஓய்ந்தால் காபரேற்றர் அறை நிரம்பிவிட்டது, குற்றம் வேறிடத்தில். ஓயாமல் படபடவென்று அடித்தால் தாங்கி காலி, இல்லையேல் தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. எஞ்சின் ஓடாதபோதும் சோம்பலாக விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தால் ஊசி வால்வு மூடவில்லை, பெற்றோல் வழிகிறது. பொனற்றைத் தூக்குமுன் வாயிலிருக்கும் சிகரெட்டைத் தூர எறியுங்கள். ஒரு சத்தமும் இல்லாதபோதுதான் பம்பையே சந்தேகிக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லித்தந்த பெரியவர், ஸ்பானரோடு குனிந்த என்னைத் தடுத்து, "கையை எடும் தம்பி, முதல்ல கேளும்" என்றார். அவருடைய கராஜில் வானொலி கிடையாது. காரணம் பிறகுதான் விளங்கியது.

இந்தப் பம்பில் எனக்கு மயக்கம் வந்தது அதன் நாகரிகத்தால். பெற்றோலைத் தள்ளுவது மின்சாரம் அல்ல, சுருள்வில். மின்சாரம் டயப்பிரத்தைப் பின்னுக்கு இழுத்துக் கொடுப்பதோடு சரி; இழுத்து முடிந்த கணத்தில் உள்ளே இருக்கும் ரொக்கர் புரண்டு பொயின்ட்டைப் பிரித்துவிடும். அதன்பிறகு வில்லு தன் பாட்டில் தள்ளும். காபரேற்றர் நிரம்பியிருந்தால் வில்லு தள்ள இடமில்லாமல் பொறுத்து நிற்கும், ஒரு துளி கரண்டும் செலவில்லை. டயப்பிரத்தை நடுவில் நிறுத்தி வைப்பவை சின்னஞ்சிறு பித்தளை உருளைகள், எண்ணிப் பதினொன்று. ஒன்று மேசைக்கடியில் உருண்டோடினாலும் அன்றைய வேலை கெட்டது. திரும்பப் பூட்டுவதில்தான் பாஸின் கை தெரியும்: டயப்பிரத்தை ரொக்கர் புரளாத அளவுக்கு உள்ளே முறுக்கி, பிறகு கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்தி, புரள ஆரம்பித்த இடத்தில் ஆணித்துளையை ஒத்திப் பிடித்து, அங்கிருந்து இன்னும் நாலு துளை தளர்த்த வேண்டும். ஆறு துளையில் நாலு, அதாவது மூன்றில் இரண்டு சுற்று. மூன்று துளையில் நிறுத்தியவர்களின் பம்பையும் ஐந்துக்குப் போனவர்களின் பம்பையும் சத்தத்திலேயே பிரித்துச் சொல்வார் அந்தப் பெரியவர். இதையெல்லாம் செய்த கொம்பனியின் முதலாளிகளான ஸ்கின்னர் சகோதரர்கள் சப்பாத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய முதல் காபரேற்றரில் தோல் துருத்திதான் இருந்தது. 1926இல் அந்தக் கொம்பனியை மொறிஸ் வாங்கினார்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒஸ்ரின் ஏ-40 சொமசெற்தான் கார். அதன் பெற்றோல் பம்பைக் கெம்ஷாஃப்ட் அடிக்கும். வயரும் இல்லை, பொயின்ட்டும் இல்லை, பழுதாக என்ன இருக்கிறது என்பார்கள். 90களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயை ஊற்றி, சூப்பிப் போத்தலால் பெற்றோலைச் சொட்டவிட்டு ஸ்டார்ட் செய்து ஓட்டியவர்கள் அவர்கள். வாதாடி வெல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பம்பின் டயப்பிரம் கிழிந்தால் பெற்றோல் வெளியே தெரியாமல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். பேரிங் தேய்ந்தபிறகுதான் செய்தி வரும். எஸ்.யு. தன் நோயை மறைப்பதில்லை.

கிண்ணியாத் துறையடியில் பாதைக்குக் காத்திருந்த காலத்தில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். மத்தியான வெயில், எஞ்சினை நிறுத்தி வைத்த கார்கள், கரையில் முட்டும் பாதை. எல்லாரும் ஒரே நேரத்தில் திறப்பைத் திருப்புவார்கள். மைனர்களில் பாதி வெறிபிடித்ததுபோல் டிக்டிக்கென்று அடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. நிறுத்திய எஞ்சினின் சூடு மேலே ஏறிப் பம்புக்குள் பெற்றோலை ஆவியாக்கியிருக்கும். பம்ப் ஆவியை விழுங்கிக்கொண்டிருக்கும். மருந்து ஈரத்துணி ஒன்றும் கொஞ்சப் பொறுமையும். பொறுமை இல்லாதவர்கள் களப்புத் தண்ணீரைக் கையால் அள்ளி ஊற்றுவார்கள். உடனே வேலை செய்யும்தான், ஆறு மாதத்தில் பம்ப் உடம்பெல்லாம் உப்புப் பூக்கும். நல்ல தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் மைனரில் ஏறுகிறவரை நான் மதிப்பதில்லை. 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தது. காத்திருப்பு முடிந்தது, நோயாளிகளை வரிசையாகப் பார்க்கும் வசதியும் முடிந்தது.

உப்புதான் எங்கள் ஊரின் தனி விசேஷம். உட்துறைமுக வீதிப் பக்கம் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும். சத்தம் போடாத பம்பை உடனே கழற்றாதீர்கள். அதன் ஏர்த் வயரின் முனையை முதலில் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதுதான் குற்றவாளி. அதைச் சுரண்டியும் பேசவில்லையென்றால் ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்ல ஒரு தட்டு. பேசினால் பொயின்ட் கருகியிருக்கிறது அல்லது களிம்பேறியிருக்கிறது. சிகரெட் பெட்டி அட்டையில் கீற்று வெட்டி இடையில் விட்டு இழுத்தால் போதும். அரத்தாள் வேண்டவே வேண்டாம். 2022இல் பெற்றோல் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் நின்றபோது இந்த வியாதி ஊரெல்லாம் பரவியது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவைத்த 99 எண்ணெய்த் தாங்கிகள். எங்கள் ஆறரைக் கலன் தாங்கிகளில் தூசி. கடைசியில் கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கி வந்து ஊற்றினால் பம்ப் வாயே திறக்காது. எத்தனை நல்ல பம்புகள் அந்த மாதங்களில் இரும்புக்கடைக்குப் போயினவோ.

இப்போதைய வழக்கம் கேட்பதல்ல, மாற்றுவது. கார் நின்றதா, பம்ப் புதிது, கொயில் புதிது, கண்டென்சர் புதிது. புதிய கண்டென்சர்களில் பல, ஐம்பது வருஷம் ஓடிய பழையதைவிட முதலில் சாகின்றன என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. இன்னொரு கூட்டம் எஞ்சினையே தூக்கிவிட்டு டற்சன் 1200ஐ இறக்கிவிடுகிறது. வேகம் உண்டு, மறுக்கவில்லை. அனுராதபுரச் சந்தியில் ஒருவர் அப்படிப்பட்ட காரைப் பெருமையோடு திறந்து காட்டினார். பம்ப் இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. நல்ல எஞ்சின் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொயின்ட் இல்லாத எலெக்ட்ரோனிக் எஸ்.யு. பம்புகளும் வருகின்றன. அதே உருவம், டிக் சத்தமும் உண்டு. வாங்குங்கள், தடையில்லை, கருகப் பொயின்ட் இல்லை என்பது இரவுப் பயணத்துக்குப் பெரிய நிம்மதி. ஏர்த் வயரின் களிம்பை மட்டும் அதுவும் பொறுக்காது. கழற்றிய பழைய பம்பை எடைக்குப் போடவேண்டாம், எனக்குத் தாருங்கள். உடம்பு உடைந்திருந்தாலும் பரவாயில்லை, ரொக்கரும் பதினொரு உருளைகளும் உள்ளே இருந்தால் போதும்.